பல் டாக்டரின் வெப்சைட்டும் பழைய சர்வரும்

என் கணவருக்குப் பூனாவின் கராடிப் பக்கம் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்தபோது, அவர்கள் கொடுத்த தாளில் ஒரு நிபந்தனை இருந்தது. கம்பெனியில் சேர்ந்த பிறகு வெளி வேலை எதையும் தொடக் கூடாது. அதுவரை அவர் ஔந்தில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்தே சின்னச் சின்னக் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வெப்சைட்டுகளை என்ன செய்வது என்று கேட்டேன்.

"நீ சும்மா பாத்துக்கிட்டாப் போதும் அம்மிணி. புதுசா ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. அப்டேட்டுன்னு வந்தா ஒரு அமுக்கு, அவ்வளவுதான்" என்றார். "எப்படியும் நீ வீட்டுலதான இருக்கற?"

நான் கெமிஸ்ட்ரி படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் பரிசோதனைக்கூடத்தில் கழிவுநீரைச் சோதிக்கிற வேலையில் இருந்தேன். பூனாவுக்கு வந்தபின் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல, படம் மாற்றுவது, எழுத்து திருத்துவது என்று கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தேன். அதை வைத்து வெப்சைட்டுகளைப் பார்த்துக்கொள்ள முடியும் என்று இருவருமே நம்பினோம். அவர் காலையில் கம்பெனி பஸ் ஏறிவிடுவார். அவருடைய பழைய போன் நம்பர்தான் எல்லா வெப்சைட்டுகளின் அடியிலும் இருந்தது. அந்த போனையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் படுத்தியது ஒரு பல் டாக்டரின் வெப்சைட். டாக்டரம்மா கட்கியில் கிளினிக் வைத்திருந்தார். அவருடைய தாத்தா காலத்திலேயே வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காக அங்கே குடிவந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அவர் பேசும் தமிழில் பாதி இந்தியும் மராத்தியுமாக இருக்கும். அந்தத் தொழிற்சாலைக்காரர்கள்தான் அவரிடம் நிறைய வருவார்கள். ஷிப்ட் முடிந்து வர வசதியாக அவர்களே வெப்சைட்டில் நேரம் பதிவு செய்துகொள்ளும்படி என் கணவர் அமைத்துக் கொடுத்திருந்தார்.

ஒருநாள், வெப்சைட்டுக்கு சர்வரில் இடம் வாடகைக்குத் தருகிற ஹோஸ்டிங் கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது. வெப்சைட் ஓடுகிற சர்வரில் இருப்பது பிஎச்பி என்கிற மென்பொருளின் மிகப் பழைய பதிப்பு. மழைக்காலம் முடிவதற்குள் அதை நிறுத்தப்போகிறோம், புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். மாறுவதற்கு ஒரு பொத்தான் இருந்தது. ஒரு அமுக்குதானே என்று அமுக்கினேன். வெப்சைட்டைத் திறந்து பார்த்தால் வெறும் வெள்ளைத் திரை. டாக்டரம்மாவின் படம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை, எதுவும் இல்லை. அவசரமாகப் பழைய பதிப்புக்கே திரும்பினேன். எல்லாம் வந்துவிட்டது. அடுப்பில் வைத்திருந்த பருப்பு அதற்குள் தீய்ந்திருந்தது.

அதற்குப் பிறகு மதியங்கள் எல்லாம் அந்த வெப்சைட்டோடு போயின. கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வெப்சைட்டில் சேர்த்திருக்கும் ப்ளகின்களை, அதாவது ஆளுக்கொரு வேலை செய்கிற துணை நிரல்களை, முதலில் மொத்தமாக அணைத்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்க வேண்டும். எதை ஏற்றும்போது வெப்சைட் படுத்துக்கொள்கிறதோ அதுதான் காரணம். நேரம் பதிவு செய்கிற ப்ளகினை ஏற்றியதும் புதிய பதிப்பில் திரை வெளுத்தது. அது என் கணவர் கைவைத்து மாற்றியிருந்த ப்ளகின். அதை எழுதிய ஆட்கள் பலமுறை புதுப்பித்து வெளியிட்டிருந்தார்கள். நாங்கள் புதுப்பித்தால் அவர் செய்த மாற்றங்கள் எல்லாம் அழிந்துபோகும். அதனால் அது பழையதாகவே கிடந்தது.

சரி, மழை முடிகிறவரை பழைய பதிப்பிலேயே ஓடட்டும் என்று விட்டேன். அதற்கும் வழி இல்லாமல் போயிற்று. வெப்சைட் வேகமாகத் திறப்பதற்காகப் பக்கங்களின் நகலை எடுத்து வைத்துக் காட்டுகிற இன்னொரு ப்ளகின் இருந்தது. அது தானாகவே புதுப்பித்துக்கொண்டு, பதிவுப் பக்கத்துக்கும் நகல் எடுக்க ஆரம்பித்தது. காலையில் எடுத்த நகலைச் சாயங்காலம் வரை எல்லோருக்கும் காட்டியது. நகலில் காலியாகத் தெரிகிற நேரத்தில் ஏற்கெனவே ஒருவர் பதிவு செய்திருப்பார். அதே நேரத்தை இன்னொருவரும் எடுத்துக்கொள்வார்.

அந்த ப்ளகினை அணைத்தேன். பழைய சர்வர் திணறியது. பக்கம் திறக்கவே இல்லை என்று ஆட்கள் போன் செய்தார்கள். திரும்ப ஏற்றினேன். மறுபடி ஒரே நேரத்துக்கு இரண்டு பேர். அந்த ப்ளகின்காரர்களுக்கு எழுதிக் கேட்டேன். அடுத்த பதிப்பில் சரிசெய்துவிட்டோம், ஆனால் அதற்கு சர்வரில் புதிய பிஎச்பி வேண்டும் என்று பதில் வந்தது. புதிய பிஎச்பிக்குப் போனால் பதிவு ப்ளகின் செத்துவிடும். எந்தப் பக்கம் போனாலும் சுவர். குக்கர் விசில் அடிக்கும்போதும், துணி காயப்போடும்போதும், தூக்கத்தில் புரண்டு படுக்கும்போதும்கூட எதை அணைத்து எதை ஏற்றினால் தப்பிக்கலாம் என்றே மனசு ஓடிக்கொண்டிருந்தது.

என் கணவரிடம் கேட்டால் முகம் மாறும். "புரிஞ்சுக்க. கம்பெனில தெரிஞ்சுதுன்னா என்னாகும்? அதுல நான் கைய வெக்க முடியாது" என்பார்.

"கைய வெக்க வேண்டாங்க. என்ன பண்ணி வெச்சீங்கன்னு சொல்லுங்க, போதும்."

"ஞாபகமில்ல அம்மிணி. அப்பவே அவசரத்துல பண்ணுனது."

அந்த நாட்களில்தான் பிம்ப்ரி பக்கத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கிற ஒரு லேபில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து விண்ணப்பித்திருந்தேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நல்ல சுடிதார் ஒன்றை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனேன். திருப்பூர் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். பி.எச். பார்ப்பது, உப்பின் அளவு பார்ப்பது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. எதிரே இருந்த அம்மாள் என் தாளைப் புரட்டிவிட்டு, இந்தியில், "இந்த வருஷங்களில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார்.

என் மடியில் இருந்த கைப்பையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. அது என் கணவரின் பழைய போன். வெப்சைட்டுகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அது என் வேலை என்று அப்போது தோன்றவே இல்லை. அவருடைய வேலையை எடுத்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். "வீட்டில் இருந்தேன்" என்றேன். அந்த அம்மாள் தலையாட்டி, தாளை மற்றத் தாள்களின் அடியில் வைத்தார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை.

வெளியே வந்து போனைப் பார்த்தேன். எல்லா அழைப்பும் கட்கியிலிருந்து. திரும்ப அழைத்தேன்.

"அரே, எங்கம்மா இருக்க? இங்க ஒரே லஃப்டா, தகராறு ஆயிடுச்சு. கொஞ்சம் ஜல்தி வா" என்றார் டாக்டரம்மா.

ஸ்கூட்டரை நேராகக் கட்கிக்கு விட்டேன். போபோடி சிக்னலில் மழை பிடித்துக்கொண்டது. கிளினிக் வாசலில் நனைந்த செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. உள்ளே தொழிற்சாலை உடுப்பில் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு எதிரே இன்னொருவர், மனைவியோடு உட்கார்ந்திருந்தார். இருவர் போனிலும் ஒரே நேரம் பதிவாகி இருந்தது. முதலாமவர் அரைநாள் லீவு போட்டு வந்தவர். மற்றவரின் மனைவிக்கு முகம் ஒரு பக்கமாக வீங்கியிருந்தது. வரவேற்பில் இருந்த மராத்திப் பெண் என்னைக் கண்டதும், "தாயி, ஹே பகா" என்று இரண்டு போன்களையும் வாங்கி என் முன்னால் நீட்டினாள். அக்கா, இதைப் பாருங்கள் என்று அர்த்தம். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இஸ்திரி போட்ட சுடிதார் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் என்ன சொல்வது? ப்ளகின்கள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன என்று பல்வலிக்காரரிடம் எப்படிச் சொல்வது? மன்னிச்சுக்கோங்க என்று இந்தியில் இருவரிடமும் சொன்னேன். அரைநாள் லீவுக்காரர் வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டு, அவங்க முதலில் போகட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். கோபப்படவில்லை. "உன் ஹஸ்பெண்டக் கேளேன்மா. அவருதானே இத பனாய்ச்சுக் குடுத்தாரு" என்றார்.

வீட்டுக்கு வந்து அன்று சமைக்கவில்லை. அவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். நேர்காணலையும் சொன்னேன், போன் அதிர்ந்ததையும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் பையை வைத்துவிட்டு, கடைக்குப் போய் வடா பாவ் வாங்கிக்கொண்டு வந்தார். சாப்பிடும்போது, "ஞாயித்துக்கெழம உக்காரலாம். நான் எழுத மாட்டேன். பாத்துச் சொல்றேன்" என்றார்.

ஞாயிறன்று காலையில் என் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இந்த முறை லேப்டாப் என் மடியில் இருந்தது. பதிவு ப்ளகினின் கோப்பைத் திறந்தேன். அவர் படித்துக்கொண்டே போனார். முகத்தைச் சுளித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இத யாரு எழுதுனது?"

"நீங்கதாங்க."

"சித்த மேல போ... இந்த வரிய எதுக்கு மூடி வெச்சிருக்கு?"

அது ஒரு முக்கியமான வரி. ஒருவர் நேரத்தைப் பதிவு செய்து அனுப்பும்போது, அந்த நேரம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்க்கிற வரி. அது வேலை செய்யாதபடி அவர் அடைத்து வைத்திருந்தார். அது மட்டும் திறந்திருந்தால், நகல் ப்ளகின் எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் ஒரே நேரத்துக்கு இருவர் வந்து நின்றிருக்க மாட்டார்கள். மூன்று ஷிப்டுக்கும் மூன்று விதமாக நேரத்தைப் பிரித்தபோது அந்த வரி இடக்குப் பண்ணியிருக்கிறது. அப்போதைக்கு மூடிவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். அதற்குள் வேலை கிடைத்துவிட்டது.

"இத சரி பண்றக்கு எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டேன்.

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "எனக்கே புரியமாட்டேங்குது. கம்பெனிலயும் இதேதான் பண்ணிட்டு இருக்கறேன், தெரியுமா? யாரோ எழுதி வெச்சுட்டுப் போனது. ஒரு கிளையண்டு பழைய சர்வர மாத்தவே மாட்டேங்கறான். டெய்லி அதுக்கு ஒட்டுப்போட்டுட்டு உக்காந்திருக்கறேன். புதுசா ஏதோ கத்துக்கலாம்னுதான் போனேன்."

இதை அவர் அதுவரை சொன்னதே இல்லை. கம்பெனியின் கண்ணாடிக் கட்டடத்தையும் ஏ.சி. பஸ்ஸையும் வைத்து, அவர் வெளியே இருக்கிறார், நான்தான் உள்ளே மாட்டிக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன். அவர் மீது இருந்த கோபம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் அன்று அதைக் காட்டத் தோன்றவில்லை.

"நான் இத மொத்தமா தூக்கிப் போட்டரட்டுங்களா?" என்று கேட்டேன்.

"போடு" என்றார்.

மறுநாள் வெப்சைட்டுக்கு ஒரு தனிப் பிரதி எடுத்து, அதைப் புதிய பிஎச்பியில் வைத்தேன். கணவரின் ப்ளகினை அழித்தேன். அழிக்கட்டுமா என்று திரை ஒருமுறை கேட்டது. ஆம் என்றேன். அதே ப்ளகினைப் புதிதாக, யாரும் கைவைக்காததாக, இறக்கி ஏற்றினேன். திரை வெளுக்கவில்லை. ஷிப்டுகளுக்கு மட்டும் வழி தெரியவில்லை. டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"அது அப்பத்தைய கதைம்மா. இப்ப எல்லாரும் அவங்கவங்க டைம் பார்த்துத்தான் புக் பண்றாங்க. ஷிப்ட் கிப்ட் ஒண்ணும் வேணாம். நேரா டைம் மட்டும் போட்டுடு" என்றார்.

யாருக்கும் வேண்டாத ஒன்றுக்காகத்தான் அந்த வரி அடைபட்டுக் கிடந்திருக்கிறது.

பிறகு நகல் ப்ளகினையும் புதிய பதிப்புக்கு மாற்றினேன். இரண்டு போன்களை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தைப் பதிவு செய்து பார்த்தேன். இரண்டாவது போனில், இந்த நேரம் காலியில்லை என்று வந்தது. பூஜையறை விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த வேலைக்கார அம்மாவிடம் அதைக் காட்ட வேண்டும்போல இருந்தது. காட்டினால் என்ன புரியும் என்று விட்டுவிட்டேன். பிரதியை உண்மையான வெப்சைட்டின் இடத்தில் வைத்தேன். ஹோஸ்டிங் கம்பெனி பழைய பதிப்பை நிறுத்திய அன்று காலையிலிருந்து பலமுறை திறந்து பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. கட்கியிலிருந்து போன் வரவில்லை.

சில நாள் கழித்து வந்தது. "ஷாபாஷ்! இப்ப ஒரு பிராப்ளமும் இல்லம்மா. கேளு, எங்க சர்ச்சோட வெப்சைட்டும் பழசா பந்த் ஆகி கெடக்குது. அதையும் நீயே எடுத்துக்கோயேன்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அனுப்புங்க டாக்டர், பாக்கறேன்" என்று வந்தது. போனை வைத்தபிறகுதான் உறைத்தது. மறுபடியும் யாரோ எழுதியது, மறுபடியும் வெள்ளைத் திரை, மறுபடியும் மதியங்கள். அந்த வாரம் முழுக்க என்னென்ன சாக்குச் சொல்லலாம் என்று யோசித்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறேன், கண்ணுக்கு ஆகவில்லை. கடைசியில் ஒரு சாக்கும் சொல்லாமல், "என்னால முடியாதுங்க டாக்டர். வேற வேலைக்குப் பாத்துட்டு இருக்கறேன்" என்று மட்டும் சொன்னேன்.

"டீக் ஹை, அதனால என்ன? வேற யாரையாச்சும் பாக்கறோம்" என்றார். அவ்வளவுதான். அவர் இன்னும் ஒரு முறை கேட்டிருக்கலாம் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

மற்ற வெப்சைட்டுக்காரர்களுக்கும் அதன்பிறகு எழுதினேன். சிலர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். சிலர் பதிலே போடவில்லை. அந்த வெப்சைட்டுகள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. அவற்றில் இரண்டு, வேறு ஹோஸ்டிங் கம்பெனியில் இருப்பவை, பழைய பதிப்பில்தான் ஓடுகின்றன. லேபுகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த வருஷங்களில் என்ன செய்தீர்கள் என்ற இடத்தில் எதை எழுதுவது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.