நாகப்பன் மலைக்குப் புறப்பட்டது

பழவேற்காட்டில் உலாந்தாக்காரர்கள் என்ற டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிக்கொண்டு துணி வியாபாரம் செய்த காலத்தில், பசியாவரம் தீவில் நாகப்பன் என்று ஒருவன் இருந்தான். ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பது அவன் தொழில். கெட்டிக்காரன்தான். ஆனால் பனி விலகிய காலையில் மேற்கே நாகலாபுரத்து மலை நீலமாகத் தெரிந்துவிட்டால், இறால் காலடியில் வந்து மேய்ந்தாலும் குனியமாட்டான். ஒரு தடவையாவது குதிரையேறிப் போய் அந்தக் காட்டுக்குள் புகுந்து, மலையைத் தாண்டித் திருப்பதி வரை பார்த்துவர வேண்டும் அவனுக்கு. நடந்தே போகலாமே என்று யாராவது சொன்னால் முகம் சுண்டிவிடும்.

திட்டம் போடுவதே சில வருஷம் நடந்தது. மழைக்காலத்தில் வழியெல்லாம் சேறு, பங்குனி பிறந்தால் வெயில். ஆகவே மாசிதான் என்று முடிவாயிற்று. கூட வருவதாக இருந்தவர்கள் மைத்துனன் பூபதியும் பக்கத்து வீட்டுத் திருவேங்கடமும். புலியை விரட்டத் தப்பட்டை வேண்டும் என்றான் பூபதி. தப்பட்டை அடித்தால்தான் புலிக்கு நாம் வந்திருப்பது தெரியும் என்றான் திருவேங்கடம். இரண்டு பேரும் திருப்பாலைவனத்துக்கு மேற்கே எதையும் பார்த்ததில்லை. அந்த வாதம் ஒரு மழைக்காலம் முழுக்க ஓடியது. தை பிறந்ததும் பூபதிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. திருவேங்கடத்தின் மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டாள். அந்தச் சேதி அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

நாகப்பன் அசரவில்லை. கோட்டைச் சிப்பாய்கள் தூக்கிப்போட்ட பூட்ஸ் ஒரு ஜோடி கிடைத்தது. இரண்டும் இடது கால். இறகு உதிர்ந்த தொப்பி ஒன்றும் சேர்ந்தது. அதையெல்லாம் மாட்டிக்கொண்டு மணலில் நடந்து பழகினான். கருவாடு விற்றுக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி வேலம்மா சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டிருந்தாள்.

குதிரையைப் பிடித்துத் தந்தவன் கோட்டைச் சமையற்கட்டில் வேலை பார்த்த தானியேல். நாகப்பன் அங்கே இறால் கொடுக்கிறவன். வயசாகிவிட்டதென்று ஒரு வண்டிக் குதிரையைக் கழிக்கிறார்கள், ஒரு கூடை நல்ல இறாலுக்கு முடித்துவிடலாம் என்றான் தானியேல். முரட்டுக் குதிரையா என்று நாகப்பன் விசாரித்தான்.

“சாது, நாகப்பண்ணா. அது ஏத்திக்கினு போனவங்க யாரும் இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல.”

புறப்படும் நாளன்று பசியாவரமே படகேறிக் கரைக்கு வந்தது. மாலை போட்டார்கள், திருநீறு பூசினார்கள். நாகப்பன் தொப்பியோடு குதிரைமேல் ஏறி உட்கார்ந்தான். குதிரை நகரவில்லை. தட்டினான், கெஞ்சினான். கடைசியில் வழியனுப்ப வந்தவர்கள் பின்னால் வந்து கூட்டமாக நின்றதும், அது தலையைத் தாழ்த்திக்கொண்டு மெல்ல, மிக மெல்ல அடியெடுத்து வைத்தது. என்ன கம்பீரம் என்று நாகப்பன் பூரித்துப்போனான்.

மேற்கே போகும் பாதை வந்ததும் கடிவாளத்தை இழுத்தான். குதிரை மரியாதையாக வேறு பக்கம் திரும்பியது. ஊரும் பின்னாலேயே திரும்பியது. உலாந்தாக்காரர்களின் கல்லறைத் தோட்டத்து வாசலில், கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளுக்கு நடுவே போய் நின்று, பெருமூச்சு விட்டது. உள்ளேயிருந்து வெட்டியான் மண்வெட்டியோடு வந்தான். தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, குதிரையைப் பார்த்தான், மாலை போட்டிருந்தவனைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான்.

“பொணம் எங்க?” என்றான்.

தானியேலைக் கூட்டத்தில் தேடினார்கள்; அகப்படவில்லை. நாகப்பன் காதுவரை சிவந்துபோய், குதிரைக்கு வழி பழகவில்லை என்று பொதுவாகச் சொன்னான். வேலம்மா முன்னால் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“இறங்கு மாமா. புளிச்சோறு கெட்டுப்பூடும்.”

வழிக்குக் கட்டியிருந்த சோற்றை எல்லாரும் அங்கேயே மர நிழலில் உட்கார்ந்து தின்றார்கள். வெட்டியானுக்கும் ஒரு கை கிடைத்தது.

அதற்குப் பிறகு நாகப்பன் கொஞ்ச நாள் மேற்குப் பக்கம் பார்க்கவேயில்லை. குதிரையின் குணத்தைப் புரிந்துகொண்டவள் வேலம்மாதான். கருவாட்டுக் கூடைகளை அதன் முதுகில் ஏற்றி, முன்னால் கயிற்றைப் பிடித்து நடந்தாள். மற்ற கருவாட்டுக்காரிகள் வரிசையாகப் பின்னால் நடந்தார்கள். ஆட்கள் பின்னால் வந்தால் போதும், அது எவ்வளவு தூரமும் போகும். இப்படித்தான் திருப்பாலைவனத்துச் சந்தைக்குப் போக ஆரம்பித்தார்கள். கூட்டத்துக்கு ஓர் ஆள் கூடுதலாகட்டும் என்று நாகப்பனையும் அழைத்துப்போனாள்.

அங்கே மலை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. களத்துமேட்டில் நின்ற தருமலிங்கம் என்ற நெல் விவசாயியிடம், மலை எப்படியிருக்கும் என்று நாகப்பன் கேட்டான். தான் போனதில்லை என்றான் தருமலிங்கம். அவனுக்கு ஒரு தடவை கடலைப் பார்க்கவேண்டுமாம்.

நாகப்பன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். இந்த மாதம் வராதே, காற்று சரியில்லை என்று தொடங்கினான். எந்தத் துறையில் படகேறுவது, அலையில் காலை எப்படி ஊன்றுவது, என்னென்ன கட்டி எடுத்துவருவது என்று பொழுது சாயும்வரை சொன்னான். மறு சந்தைக்கும் சொன்னான். தருமலிங்கம் நாற்றை நடாமல் நாத்தாங்காலிலேயே விட்டுவிட்டு வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி அன்றோடு வேலம்மாவிடம் கருவாடு வாங்குவதை நிறுத்திவிட்டாள்.