பாதி வழியில் இறங்கிய கரும்பு

கத்தி நேராக இறங்கவில்லை. அன்னாசியின் கண்கள் பழத்தைச் சுற்றிச் சரிவாக ஓடுகின்றன. அந்தச் சரிவின் இரு பக்கமும் மெல்லியதாக ஒரு வெட்டு. கட்டைவிரல் தள்ளியதும் ஒரு வரிசைக் கண்கள் மொத்தமாகக் கழன்று வருகின்றன. சதை வீணாகவில்லை. அடுத்த சரிவுக்குக் கத்தி நகர்கிறது. துண்டுகள் அடுப்பேறி நீர் வற்றுகிறவரை அந்தக் கைகள் கரண்டியை விடவில்லை. ஆனால் ஒரு முறைகூட விரல் வாய்க்குப் போகவில்லை.

அன்று கடைசி நோன்பு. விடிந்தால் ரம்ஜான். நுனி நாக்கில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஜஹனாரா அதையும் செய்வதில்லை. அடையாறில் உள்தெரு ஒன்றின் மூன்றாம் மாடிச் சமையலறையில், மூக்கை மட்டும் நம்பி அவர் கேக் செய்துகொண்டிருந்தார்.

கேட்டவள் ரூபீனா, அவருடைய கணவரின் அண்ணன் மகள். கொட்டிவாக்கத்தில் வேலை. நோன்புக்கு முன்பு ஓர் அலுவலக விருந்தில் அன்னாசியும் தேங்காய்ப்பாலும் கலந்த ஒன்றைக் குடித்துவிட்டு நேரே இங்கே வந்தாள்.

"பினா கொலாடாவாம் சாச்சி. எனக்குக் குடுத்தது சும்மா ஜூசு மாதிரிதான். நெஜத்துல அதுல ரம்மு ஊத்துவாங்களாம். ரம்மு இல்லாம, ஆனா அந்த டேஸ்ட்டு வர்ற மாதிரி ஒரு கேக்கு பண்ணேன்!"

"உங்கப்பா சாப்பிடுவாரா?"

சிக்கலே அதுதான்.

அவளுடைய அப்பா அக்பர் பாஷா தி. நகரில் பட்டன், லேஸ் கடை வைத்திருப்பவர். நூலின் நிறம் ஓர் இழை மாறினாலும் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். சில வருடங்களுக்கு முன் ஒரு ரம்ஜானன்று, ஜஹனாராவின் அலமாரியில் இருந்த வெனிலா எசன்ஸ் பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைப் படித்தார். அதில் ஆல்கஹால் என்றிருந்தது. "இது ஆகாதும்மா" என்று கேக் தட்டைக் கீழே வைத்தார். அதன்பின் இந்த வீட்டில் பிரியாணி சாப்பிடுவார், சேமியா பாயசம் குடிப்பார். கேக்கைத் தொடமாட்டார். அவர் சொன்னது தப்பாக இருந்திருந்தால் ஜஹனாரா சண்டை போட்டிருப்பார். சரியாக இருந்ததால்தான் அது உள்ளே தங்கிவிட்டது. ஒரு துண்டாவது தன் கையிலிருந்து அவர் வாங்கிச் சாப்பிட வேண்டும் என்று ஜஹனாராவுக்கு இருந்தது.

அன்றிலிருந்து அந்தச் சமையலறைக்குள் லேபிள் படிக்காத பாட்டில் எதுவும் நுழைந்ததில்லை. எந்த விலங்கிலிருந்து வந்தது என்று தெரியாத ஜெலட்டினும் வெளியே போனது. நோன்பு திறக்கக் காய்ச்சும், ஜெல்லியாக உறையும் கடல்பாசியையே கேக்குக்கும் எடுத்துக்கொண்டார். அது முதலில் மானத்தை வாங்கியது. உறைந்த அன்னாசி அடுக்கு வெட்டும்போது வழுக்கி, கேக்கைவிட்டுத் தனியாக நழுவியது. யாரையும் கேட்காமல், வாரக்கணக்கில் செய்து செய்து பார்த்தார். கேக்கின் மேல்தோலைச் சீவி, குச்சியால் குத்தி, கடல்பாசியைச் சூடு ஆறுமுன் மெல்லியதாக ஊற்றினால் அது வேர்விட்டதுபோலப் பிடித்துக்கொள்கிறது.

மிஞ்சியது ரம். அதன் வாசனையை ஜஹனாரா அறிந்ததே இல்லை. அது கரும்பிலிருந்து வருவது என்று மட்டும் தெரியும். அடிகனமான சட்டியில் நாட்டுச் சர்க்கரையை உருக்கினார். பொன்னிறம் தாண்டி, புகை எழும்பி, இன்னும் ஒரு நொடி போனால் கசந்துவிடும் என்று மூக்கு சொன்ன இடத்தில் வெந்நீரை ஊற்றினார். ஒரு கிராம்பு போட்டு மூடினார். ஆறியதும் கேக் முழுக்கத் தடவி, அன்னாசி கலந்த கடல்பாசியை ஊற்றி, மேலே முதல் தேங்காய்ப்பாலைக் கெட்டியாகக் காய்ச்சிப் பூசினார்.

மறுநாள் தொழுகை முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். கத்தி இறங்கியது. அடுக்கு நழுவவில்லை. ஆனால் வாசனை கிளம்பியதும் அக்பர் பாஷா நிமிர்ந்தார்.

"இன்னாம்மா இது? ரம்மு வாசன வருது."

ஜஹனாராவின் கை கத்தியிலேயே நின்றது.

ரூபீனாதான் வாயைத் திறந்தாள். "அப்பா, ரம்மு வாசன உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அடிங்க! கடைக்கு எதுத்தாப்புல ஒயின் ஷாப்பு இருந்திச்சி. அத மூடுற வரைக்கும் மோந்துகினுதானே யாவாரம் பண்ணேன்?"

"மோந்துகினு மட்டும்தானே?"

"சும்மா கெட, வாயாடி!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. காலித் தட்டு மடியிலேயே இருந்தது.

ஜஹனாரா வாதாடவில்லை. உள்ளே போய், பாகு ஒட்டியிருந்த சட்டியை எடுத்துவந்து அவர் முன் நீட்டினார்.

"மோந்து பாருங்க பாய்ஜான்."

அவர் குனிந்து முகர்ந்தார். விரலால் வழித்து, நூலைச் சோதிப்பதுபோல வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு நாக்கில் வைத்தார்.

"வெல்லமா?"

"நாட்டுச் சக்கர. ரம்மும் கரும்புலேந்துதான் வருதாம். நான் பாதி வழியிலயே எறங்கிட்டேன்."

அக்பர் பாஷா சட்டியை இன்னொரு தடவை வழித்தார்.

"பாட்டில் எதுவும் இல்லியே?"

"ஒரு பாட்டிலும் இல்ல. வேணும்னா அலமாரியத் தொறந்து பாருங்க."

அவர் அலமாரிப் பக்கம் திரும்பவில்லை. மடியிலிருந்த தட்டை எடுத்து நீட்டினார்.

"ஓரத்துத் துண்டு குடும்மா. அதுலதான் பாகு ஜாஸ்தி எறங்கியிருக்கும்."

ஜஹனாரா ஓரத்துத் துண்டை வெட்டி, அடுக்கு கலையாமல் எடுத்து, அந்தத் தட்டில் வைத்தார்.