மாமாவின் கட்டிலுக்குக் கீழே இருந்த பெற்றோல்

எங்கள் வீட்டில் பகல் முழுவதும் கிசுகிசுத்துத்தான் பேச வேண்டும். கார்களுக்குப் பெற்றோல் அடிக்கும் செட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பா மேல் அறையில் படுத்திருப்பார். அம்மா பின்னேரமானால் வேலைக்குப் போய்விடுவார். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் இருந்த அந்த வீட்டின் ஒரே பிள்ளையான நான், தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் வெறும் படத்தை மட்டும் பார்க்கப் பழகியிருந்தேன். வகுப்புப் பிள்ளைகள் தங்கள் பிறந்தநாள்களுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நான் ஒருவரையும் திருப்பிக் கூப்பிடாததால் நாளடைவில் விட்டுவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என் பத்தாவது பிறந்தநாளுக்கு ஜேன் என்ற ஒருத்தி மட்டும் வருவதாகச் சொன்னாள். அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடினேன். அப்பா நித்திரை கொள்ளும் வீட்டுக்குள் சரிவராது, கார்டனில் என்றால் பரவாயில்லை என்றார் அம்மா. கார்டனில் புல் என் முழங்காலுக்கு மேல் வளர்ந்து நின்றது. ஜேன் வந்தால் அவளை எங்கே இருத்துவது என்பதே என் கவலையாகிப்போனது.

புல் வெட்டும் பொறுப்பு மாமாவின் தலையில் விழுந்தது. மாமா, அம்மாவின் தம்பி. மாமியை ஊரில் விட்டுவிட்டு அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் சின்ன அறையில் இருந்தார். வேலை செய்ய இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே வீட்டில் பழுதான எல்லாவற்றையும் திருத்தினார். பழுதாகாத சிலவற்றையும் கழற்றிப் பார்த்துத் திருத்தினார். அவருடைய தலைமாட்டில் என் வயதுச் சிறுமி ஒருத்தியின் படம் இருந்தது. அவருடைய மகள், என் மச்சாள். மச்சாள் எப்போது வருவாள் என்று நான் கேட்கும்போதெல்லாம், "பாப்பம் பிள்ளை" என்பார். நான் அவளுக்காக என் கட்டிலில் சுவரோரம் இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தேன்.

வீடு மாறிப்போன அயலவர் விட்டுப்போன புல்லு வெட்டும் மெஷின் எங்களிடம் இருந்தது. அப்பா வேலைத்தலத்திலிருந்து ஒரு கான் நிறையப் பெற்றோல் வாங்கி வந்து மாமாவிடம் கொடுத்தார். சனிக்கிழமை காலை, அம்மா விருந்துக்குக் குசினியில் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருக்க, நானும் மாமாவும் வேலையில் இறங்கினோம்.

மாமா கயிற்றை இழுத்தார். மெஷின் ஒருமுறை செருமியது. அதோடு சரி. பிளக்கைக் கழற்றிச் சாரத்தின் தலைப்பில் துடைத்தார். அதை மெஷினின் இரும்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு என்னைக் கயிற்றை இழுக்கச் சொன்னார். நீலமாக ஒரு பொறி பறந்தது. "கறண்ட் வருது, பிழையில்லை" என்றார். பிறகு காற்றுப் போகும் வழியில் இருந்த பஞ்சைத் தட்டினார். காபரேற்றரைக் கழற்றி ஊதினார். கடைசியாக மூக்குக்கு விடும் மருந்துப் போத்தல் ஒன்றை எடுத்து, அதிலிருந்து இரண்டு துளி பெற்றோலைப் பீய்ச்சிவிட்டு இழுத்தார். மெஷின் உறுமியது. நான் கைதட்டினேன். வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு நின்றுபோனது.

இப்படியே மதியமாகிவிட்டது. துளி விடுவதும், அது உறுமுவதும், நான் கைதட்டுவதும், அது நிற்பதும்தான் நடந்தது. மூன்று மணிக்கு ஜேன் வந்துவிடுவாள். எனக்கு அழுகை முட்டியது. வெஸ்ட் ஈலிங் கோயில் அம்மனுக்கு அவசரமாக ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

வந்தது அம்மன் அல்ல, அப்பா. புகை மேல் அறை ஜன்னலால் போய் அவரை எழுப்பியிருந்தது. மெஷினின் பெற்றோல் தாங்கியைத் திறந்து மணந்து பார்த்தார்.

"இதென்னடா தம்பி, மண்ணெண்ணெயே விட்டிருக்கிறாய்?"

"ஓம் அத்தான். ஹீற்றருக்கு வாங்கினது மிச்சம் கிடந்தது. அங்கை மோட்டச்சைக்கிள் எல்லாம் இதிலைதானே ஓடினது. ஸ்ராட் பண்ண மட்டும் ரெண்டு துளி பெற்றோல் காணும்."

போர் நடந்த யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகாதபடி அரசாங்கம் தடை போட்டிருந்த காலம் அது. இங்கே, பெற்றோல் செட்டில் வேலை செய்பவரின் வீட்டில், அந்தப் பத்தியம் எதற்கென்று அப்பாவுக்கு விளங்கவில்லை.

"அப்ப நான் தந்த கான் எங்கை?"

கான் மாமாவின் கட்டிலுக்குக் கீழே, போர்வையால் சுற்றி, பத்திரமாக இருந்தது. அம்மா அதைக் கண்டுவிட்டு, வீட்டைக் கொளுத்தப் போகிறானா என்று ஏசத் தொடங்கினார்.

"அவசரத்துக்குக் கிடக்கட்டும் எண்டு வைச்சனான் அக்கா" என்றார் மாமா.

"லண்டனிலை என்னடா அவசரம்?" என்று அப்பா கேட்டார்.

ஏசிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று நிறுத்தினார். "இஞ்சருங்கோ, விடுங்கோ" என்று அப்பாவிடம் சொன்னார்.

மண்ணெண்ணெயை வெளியே ஊற்றிவிட்டுப் பெற்றோல் விட்டதும் மெஷின் நல்ல பிள்ளையாக ஓடியது. மாமா புல்லை ஒட்ட வெட்டினார். வேலியோரத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கினார். நான் நடுவில் பாய் விரித்து, இரண்டு தட்டுகள் வைத்தேன். அப்போது ரெலிபோன் அடித்தது.

அம்மா வந்து, "ஜேனுக்குக் காய்ச்சலாம். வரமாட்டாளாம்" என்றார்.

நான் பாயில் இருந்துவிட்டேன். மாமாதான் எழுந்து நின்றார்.

"டொக்டரிட்டைக் காட்டினவையோ அக்கா?"

அம்மாவுக்குத் தெரியவில்லை.

"அவையளிட்டைக் கார் கிடக்கோ? பெற்றோல் கிடக்கோ எண்டு கேட்டனீங்களோ?"

அதற்குள் மிச்சப் பெற்றோல் கானைக் கையில் எடுத்துவிட்டார். கால் சப்பாத்தைத் தேடியது. அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. மாமாவின் கையிலிருந்து கானை மெல்ல வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் வளர்ந்த பிறகு, உடுப்பு மடித்துக்கொண்டிருந்த ஒருநாள், அம்மா சொன்னார். ஊரில் ஓர் இரவு மச்சாளுக்குக் காய்ச்சல் கடுமையாகிவிட்டது. மாமா மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்தார். தாங்கி நிறைய மண்ணெண்ணெய் இருந்தது. ஸ்ராட் பண்ண இரண்டு துளி பெற்றோல் அயலில் ஒரு வீட்டிலும் இல்லை. கடைசியில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அவள் இல்லை.

அந்தப் பிறந்தநாள் பின்னேரம் மாமா என் எதிரே பாயில் வந்து இருந்தார். ஜேனுக்கு வைத்த தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டேன். வர வேண்டிய பிள்ளை வராமல்போனது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.