சக்குக்குத் தடவிய எண்ணெய்

பொழிச்சலூரில் எங்கள் வீட்டு கார் ஷெட்டில் மரம் கடையும் லேத் ஒன்று நிற்கிறது. அக்காவுடையது. அலமாரிகளுக்கான மரக் குமிழ்களைக் கடைந்து விற்கிறாள். நான் மெக்கானிக்கல் படித்தவள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. லேத்தைப் பராமரிக்கும்படி யாரும் சொல்லவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

சின்னக் குமிழ்களைப் பிடிக்க, மூன்று தாடைகளால் கவ்வும் டிரில் சக்கைத்தான் அக்கா போடுவாள். அதன் பின்பக்கம் கூம்பாகச் சரிந்த தண்டு. மோட்டார் பக்கம் சுழலும் ஸ்பிண்டிலின் துளையும் அதே சரிவு. தண்டை உள்ளே அழுத்தினால் உராய்விலேயே கவ்விக்கொள்ளும். ஆனால் கடையும்போது உளி பக்கவாட்டில் தள்ளும். அதிர்வில் பிடி தளரும். அதனால் ஸ்பிண்டிலின் பின்னாலிருந்து ஒரு மரைக் கம்பியை விட்டு, தண்டின் வாலில் முறுக்கி, வெளிமுனையில் வாஷரும் நட்டும் போட்டு இறுக்கிவிடுவோம். சுழலும்போது சக் கழன்றால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. அக்காவோ முகத்தை அருகில் கொண்டுபோய் வேலை செய்கிறவள்.

ஆயுத பூஜைக்காக லேத்தைத் துடைத்தோம். சக்கும் கம்பியும் உளிகளோடு சாமி முன்னால் போயின. மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்துக்குள் ஒரு குமிழாவது கடைந்துவிட வேண்டும் அக்காவுக்கு. நான் ஷெட்டுக்கு வந்தபோது சக் ஏற்கெனவே ஸ்பிண்டிலில் இருந்தது.

“கம்பி எங்கக்கா?”

“பொரித் தட்டுக்குப் பின்னாடி எங்கயோ கெடக்கு. ஒரே ஒரு குமிழ்டி. உன் இன்ஸ்பெக்‌ஷன அப்புறம் வெச்சுக்கோ.”

“ஹெல்மெட் போடாதவனும் தெருமுனை வரைக்கும்தான்னுதான் சொல்றான்.”

சிரித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டாள். நான் உள்ளே போய்க் கம்பியை எடுத்து வருவதற்குள் சத்தம் மாறிவிட்டது. கடகடவென்று ஒரு நடுக்கம்.

“உளிய எடு. தள்ளிப் போ.”

விலகினாள். நான் சுவிட்சை அணைத்தேன். வேகம் குறைந்துகொண்டிருக்கும்போதே சக் தானாக வெளியே நகர்ந்து, அரைகுறைக் குமிழோடு லேத்தின் மேல் விழுந்து உருண்டது. அக்கா கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

எடுத்துப் பார்த்தேன். தண்டு முழுக்கத் தேங்காய் எண்ணெய். நடுவில் சந்தனமும் குங்குமமும் குழைந்திருந்தன.

சத்தம் கேட்டு வந்த அம்மா, “இரும்பாச்சே, துருப் பிடிக்குமேன்னு நாந்தான் தடவினேன்” என்றாள்.

“பூஜை போட்டு என்னைய மேல அனுப்பி வெக்கப் பாத்தியாம்மா?” என்றாள் அக்கா.

“வாயக் கழுவுடி!”

பெயின்ட் தின்னர் தொட்ட துணியால் தண்டைத் துடைத்தேன். குச்சியில் துணி சுற்றி ஸ்பிண்டிலின் உள்ளேயும். தண்டில் வடு ஏதும் இல்லை என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, உலர்ந்த பிறகு பொருத்தினேன். கம்பி, வாஷர், நட். ஸ்பேனரால் அளவாக ஓர் இறுக்கு. மிஞ்சினால் பிறகு கழற்றப் பாடுபட வேண்டும். சக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

“நல்ல நேரம் போச்சு” என்றாள் அக்கா.

“மூஞ்சி முழுசா இருக்குல்ல, கடைடி” என்றாள் அம்மா. உள்ளே போய்க் குங்குமச் சிமிழோடு வந்தவள், லேத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: “இப்ப எங்க வெக்கலாம், நீயே சொல்லு.”

பின்பக்கத்து நட்டைக் காட்டினேன்.