சித்தப்பாவின் கை பட்டதா

என் அப்பா விழுந்ததை நான் எத்தனை முறை பார்த்தேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. ஒரு முறை நேரில் பார்த்தேன். மற்றதெல்லாம் சித்தப்பா வீட்டுத் தொலைக்காட்சியில். நேரில் பார்த்தபோது கைதட்டினேன். எஸ்டேட்டே தட்டியது. தொலைக்காட்சியில் பார்த்தபோது கையில் ரிமோட் இருந்ததால் தட்டவில்லை.

அதைச் சொல்வதற்கு முன்னால் வேறொருவர் விழுந்ததைச் சொல்லியாக வேண்டும். நான் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, பிரிஞ்சாங்கில் இரவுச் சந்தை கூடும் பசார் மாலத்தில் சித்தப்பா ஒரு பழைய குத்துச்சண்டை சிடி வாங்கி வந்தார். உலக ஹெவிவெயிட் சண்டை, நாங்கள் யாரும் பிறப்பதற்கு முன்னால் எடுத்தது. படம் மழையில் நனைந்த மாதிரி இருக்கும். வர்ணனை எங்களுக்கு ஓர் எழுத்தும் புரியாது. ஆடியவர்களின் பெயரெல்லாம் எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. ஒருவர் நீலக் கால்சட்டை, ஒருவர் வெள்ளைக் கால்சட்டை. வெள்ளை ஆள் மலை மாதிரி இருப்பார். சண்டை முழுக்க நீலத்தைக் கயிற்றோடு சேர்த்து வைத்துச் சாத்துவார். நீலம் முகத்தைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். கடைசியில் பாம்பு நழுவுவது போல் கயிற்றிலிருந்து நழுவி வந்து ஒரே ஒரு வலக்கைக் குத்து. வெள்ளை அரை வட்டம் சுற்றி, பீரோ சாய்வது போல் சாய்வார்.

இந்த ஒரு நிமிடத்தை வைத்துக்கொண்டு அப்பாவும் சித்தப்பாவும் எத்தனையோ மாலைகளைக் கழித்தார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் அடுத்தடுத்த லைன் வீடு. சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆனால் தொலைக்காட்சி இருந்தது. எங்களுக்கு அது இல்லை. அதனால் பொழுது சாய்ந்தால் எல்லோரும் அங்கேதான் கிடப்போம்.

"அந்தக் குத்துலயா விழுந்தான்? அசதியில விழுந்தான்லா. பாரு, கை வர்றதுக்கு முன்னமே முட்டி ஆடுது" என்பார் அப்பா.

"சும்மா இருங்கண்ணே. தலையப் பாருங்க, எப்படித் திரும்புதுன்னு!" என்று சித்தப்பா படத்தை நிறுத்தித் திரையில் விரலை வைத்துக் காட்டுவார். வழக்கு தீராது. சாப்பாடு ஆறிவிட்டது என்று அம்மா வந்து கத்திய பிறகே இருவரும் எழுந்திருப்பார்கள்.

பகலிலும் அவர்கள் பிரிவதில்லை. தேயிலை வெட்டும் மிஷினுக்கு இரண்டு ஆள் வேண்டும். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் மிஷின் செடியின் தலையைச் சீவிக்கொண்டே போகும், கொழுந்து பின்னால் பையில் விழும். இருவர் கையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், காலும் ஒன்றாகப் போக வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் முற்றிய இலையும் குச்சியும் சேர்ந்து வெட்டுப்படும், கணக்குப் பார்க்கும் கிராணியிடம் பாட்டு கேட்க வேண்டும். அண்ணன் தம்பி பிடிக்கும் மிஷின் மட்டம் பார்த்து வைத்தது போல் போகும் என்று எஸ்டேட்டில் பேர். அப்பா எப்போதும் இடக்கைக்கு வாட்டமான பக்கத்தில் நிற்பார்.

அந்த ஆண்டு மாரியம்மன் திருவிழாவில் கலைநிகழ்ச்சிக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. வழக்கமாகத் தொழிற்சாலைப் பையன்கள் சினிமாப் பாட்டுக்கு ஆடுவார்கள். பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அந்தக் குத்துச்சண்டையை அப்படியே நடித்துக் காட்டலாம் என்று சித்தப்பா சொன்னார். சித்தப்பா நீலம், ஆள் பெரியவரான அப்பா வெள்ளை. கோயில் கமிட்டித் தலைவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

வேலை முடிந்து வந்ததும் லைனுக்குப் பின்னால் ஒத்திகை நடக்கும். பழைய கம்பளியைக் கிழித்து உள்ளே பஞ்சு அடைத்துக் கையுறை தைத்தார்கள். பூசணிக்காய் பருமன் இருந்தது. நான் தட்டில் கரண்டியால் அடித்து மணி ஒலிப்பேன். சித்தப்பாவின் கை முகத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட வேண்டும், அப்பா சரியாக அந்த நொடியில் தலையைத் திருப்பிச் சுற்றிச் சாக்குமூட்டைமேல் விழ வேண்டும். அப்பாவுக்குத் தன் விழுகையில் ஒரே பெருமை.

"அடிக்கிறவனுக்கு என்னா, கைய ஆட்டுனா போதும். விழுறதுலதான்டா வேலையே இருக்கு" என்பார்.

அந்த நாட்களில் அப்பாவுக்கு அடிக்கடி தலைவலி. அம்மா தைலம் தேய்த்துவிடுவாள். தேய்க்கும் கைக்கு ஈடாக வாயும் ஓடும். "ஆட்டம் போட மட்டும் தெம்பு வந்துருது. வேலைக்குக் கெளம்புறப்பதான் தலவலி, இல்ல?" அப்பா கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பார்.

அப்பா பக்கத்தில் மிஷினும் தாழ ஆரம்பித்திருந்தது. சித்தப்பா அதை எங்களிடம் நடித்தே காட்டினார். அப்பா போல இடத்தோளைத் தொங்கவிட்டு, காலை இழுத்து இழுத்துக் கூடத்தில் நடந்தார். "இப்படித்தான் வர்றாரு உங்கப்பா. அண்ணே, தூங்கிக்கிட்டா நடக்குறீங்கன்னு கேட்டா, செடி மேடா இருக்குடாங்கிறாரு!" நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். அம்மா சிரித்ததை நான் நன்றாகப் பார்த்தேன்.

திருவிழாவன்று சாயங்காலம் திடலில் நான்கு கம்பு நட்டு, லோரியில் கித்தான் கட்டும் கயிற்றைச் சுற்றி ரிங் போட்டார்கள். கீழே பலகை, பலகைமேல் சாக்கு. பனி இறங்க ஆரம்பித்துவிட்டதால் சனம் குல்லாவும் ஸ்வெட்டருமாக நின்றது. பக்கத்து ஊரான ரிங்லெட்டில் கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பவர் ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று படம் பிடித்தார். அப்பா வேட்டியை உருவிவிட்டு வெள்ளைக் கால்சட்டையோடு மேடையேறியதும் எழுந்த சிரிப்பு மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

எல்லாம் ஒத்திகைப்படியே நடந்தது. அப்பா சாத்தினார், சித்தப்பா பொத்திக்கொண்டார், பிறகு நழுவி வந்து வலக்கையை வீசினார். அப்பா விழுந்தார். ஒத்திகையில் ஒருநாளும் அவ்வளவு நன்றாக விழுந்ததில்லை. கமிட்டித் தலைவர் மைக்கில் எண்ண ஆரம்பித்தார், கூட்டமும் சேர்ந்துகொண்டது. பத்து என்றதும் விசிலும் கைதட்டலும் வானத்தைப் பிய்த்தன. சித்தப்பா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அப்பாவைச் சுற்றிச் சுற்றி ஆடினார். "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று கூச்சல். சித்தப்பா குனிந்தார்.

"அண்ணே, எந்திரிங்க. இன்னொரு தடவ கேக்குறாங்க."

அப்பா எழவில்லை. சனத்துக்கு அது இன்னும் பெரிய வேடிக்கையாக இருந்தது. தலைவர் பதினொன்று, பன்னிரண்டு என்று மேலே எண்ணத் தொடங்கினார். சித்தப்பா அப்பாவின் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு அலறிய பிறகுதான் மைக் நின்றது.

எஸ்டேட் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது, அடியால் வெடித்திருக்கலாம், அடியே படாமல் தானாகவும் வெடித்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். தலையில் ஏதாவது பட்டதா என்று அவர் கேட்டதற்கு அம்மா சித்தப்பாவையே பார்த்தாளாம். சாவு வீட்டில் அத்தனை பேருக்கு நடுவில் அம்மா வாய் திறந்தாள். "கொன்னுட்டு வந்து நிக்கிறான் பாரு." சித்தப்பா கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சித்தப்பா வீட்டு வாசலை நான் மிதிக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று.

மிதித்தேன். அம்மா மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வருவதற்குள் நான் பள்ளியிலிருந்து வந்துவிடுவேன். சித்தப்பா வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். வேறு ஆளோடு மிஷின் பிடிக்கச் சொன்னார்களாம், கை வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். வீடியோக்காரர் கொடுத்த சிடி அவரிடம்தான் இருந்தது. அது கல்யாண சிடி போலவே ரோஜாப்பூ உதிரும் அலங்காரத்தோடு தொடங்கும். அதை மாற்ற வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவில்லை போலும்.

"பாப்பா, என் கண்ண என்னால நம்ப முடியல. ஒனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். என் கை பட்டுச்சா, படலயான்னு பாத்துச் சொல்லு" என்றார்.

எனக்கு ரிமோட் கிடைத்த மகிழ்ச்சி. வெட்கமில்லாத மகிழ்ச்சிதான், ஒன்பது வயதில் வேறென்ன இருக்கும். ரிமோட்டில் எனக்குப் பிடித்தது பின்னால் ஓட்டும் பொத்தான். அதை அழுத்தினால் தரையில் கிடக்கும் அப்பா விசுக்கென்று எழுந்து, சுற்றி, நேராக நின்று, கையை உயர்த்துவார். சித்தப்பா போதும் என்று சொன்ன பிறகும் நான் விரலை எடுக்கமாட்டேன்.

முதலில் பழைய சண்டையைப் போடச் சொல்வார். குத்து விழும் இடத்தில் நிறுத்தச் சொல்வார். வெள்ளை ஆளின் கன்னம் ஒரு பக்கமாகப் பிதுங்கும், வேர்வை தெறிக்கும். "பாத்தியா? அடி பட்டா மொதல்ல தலதான் திரும்பும். ஒடம்பு அதுக்கப்புறம்தான் வரும். இப்ப நம்மளுதப் போடு." எங்களுடையதில் அந்தக் கம்பளிப் பூசணிக்காய்தான் பெரிய தொல்லை. எங்கே பஞ்சு முடிகிறது, எங்கே அப்பாவின் முகம் தொடங்குகிறது என்று தெரியாது. ஓட்டுவேன், நிறுத்துவேன், பின்னால் போவேன். சித்தப்பா திரைக்கு அவ்வளவு அருகில் உட்கார்ந்திருப்பார், அவர் தலை மறைக்கிறது என்று நான் கோபித்துக்கொள்வேன். இப்படியே பல நாள் போயிற்று.

ஒருநாள் கையுறையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அப்பாவின் காலைப் பார்த்தேன். அப்போது எல்லாம் சுலபமாகிவிட்டது.

"சித்தப்பா! மொதல்ல முட்டிதான் மடங்குது. ஒங்க கை அதுக்கப்புறம்தான் வருது. தல திரும்பவே இல்ல. படவே இல்ல சித்தப்பா!"

பரிசு வாங்கியவள் போலச் சொன்னேன். அவர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் இன்னொரு முறை போடச் சொன்னார், பார்த்தார். பிறகு, "இன்னும் முன்னாடி போ. அண்ணன் மேடையேறுற எடத்துக்குப் போ" என்றார். போனேன். அப்பா கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். வலக்கை முகத்துக்கு நேராக உயர்ந்திருக்கிறது. இடக்கை இடுப்பளவில் தொங்குகிறது. இடக்கால் சாக்கை இழுத்துக்கொண்டு வருகிறது. சித்தப்பா கூடத்தில் நடந்து காட்டிய அதே நடை.

"அந்தக் கைதான்" என்றார் சித்தப்பா. "தாழுது, தாழுதுன்னு அந்தக் கையத்தான்லா தெனம் ஏசிக்கிட்டு வந்தேன். எதுத்தாப்புல மிஷினப் பிடிச்சிக்கிட்டிருந்தது நானேதான்."

பிறகு அழுதார். பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. குத்துச்சண்டையைப் பற்றிக் கேட்டவர் ஏன் மிஷினைப் பற்றிப் பேசி அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் பாட்டுக்கு அழட்டும், இந்த நல்ல செய்தியை அம்மாவிடமாவது சொல்வோம், அம்மா கோபத்தை விட்டுவிடுவாள், பழையபடி எல்லோரும் தொலைக்காட்சி பார்க்கலாம் என்று ஓடினேன்.

அம்மா அப்போதுதான் வந்து உலை வைத்திருந்தாள். "அம்மா, சித்தப்பா கை படவே இல்லம்மா. நான் பாத்தேன். அப்பா அதுக்கு முன்னமே விழுந்துட்டாரு" என்றேன்.

அம்மா என்னை அடித்தாள். கன்னத்தில், அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து அடித்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று இரவு சோறில்லை. மாடத்தில் தைலக் குப்பி இருந்தது. அப்பாவுக்குத் தேய்த்தது போக அதில் பாதி மிச்சமிருந்தது. பசியோடு அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்று கைப்பேசியில் அந்தப் பழைய சண்டை எப்போதாவது வந்து நிற்கும். விரலால் தள்ளிவிடுகிறேன். நான் வருந்துவது விழுந்த அப்பாவுக்காகக்கூட அல்ல, மிஞ்சிய இரண்டு பேருக்காக. சித்தப்பாவின் கை பட்டிருந்தால் அது ஒரு நொடிப் பிசகு, திருவிழாவில் நடந்த விபத்து. படவில்லை என்றால், அதற்கு முன்னால் வாரக்கணக்காக அப்பா எங்கள் கண் முன்னால் விழுந்துகொண்டே இருந்திருக்கிறார். மறுமுனையில் மிஷின் பிடித்தவர் ஏசினார், தலைமாட்டில் தைலம் தேய்த்தவள் குத்திக்காட்டினாள். அந்தக் கை பட்டிருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் எந்தச் சாமியிடம் வேண்டிக்கொண்டிருந்தார்களோ. நான் போய்ப் படவில்லை என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகும் அம்மா சித்தப்பாவைத்தான் கொலைகாரன் என்றாள், முன்னைவிட உரக்கச் சொன்னாள். சித்தப்பா அதை இல்லை என்று ஒருவரிடமும் மறுக்கவில்லை. அந்தச் சிடியை யாருக்கும் போட்டுக் காட்டவும் இல்லை.

ஆனால் அன்று எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: படவில்லை என்று சொன்னேன், ஒருவர் அழுதார், ஒருவர் அடித்தார். ஆகவே அது தப்பான பதில். மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் சித்தப்பா வீட்டில் நுழைந்தேன். அவர் ஒரு பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலை சொல்லியிருந்தார்களாம், லோரி வந்துகொண்டிருந்தது.

"சித்தப்பா, நேத்து நான் சரியாப் பாக்கல. பட்டுச்சு. நல்லாவே பட்டுச்சு" என்றேன்.

அவர் அடுக்குவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். வலக்கையை என் தலைமேல் வைத்தார்.

"அப்படியா. சரி பாப்பா" என்றார்.

நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார் என்றுதான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.