எட்டு முயல்களும் ஒரு கையெழுத்தும்

1940களில் மயிலாப்பூரில் ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். கீழாநெல்லி ஈரலைக் காக்குமா என்று பார்க்க, எட்டு முயல்களுக்கு ஈரலைக் கெடுக்கும் நஞ்சைக் கொடுத்தோம். நான்குக்கு மட்டும் கூடவே கீழாநெல்லிச் சாறு. தீவனத்தை நான்தான் போடவேண்டும் என்பது விதி. முயல் நாற்றம் பிடிக்காமல், கூண்டு கழுவும் கரீம் பாயிடம் அதைத் தள்ளிவிட்டு, நானே போட்டதாகத் தினமும் கையெழுத்துப் போட்டேன்.

கடைசியில் அறுத்துப் பார்த்தால், எட்டு ஈரல்களிலும் பழுது ஒரே மாதிரி லேசாகத்தான் இருந்தது. சாறு குடித்த முயலுக்கும் குடிக்காததற்கும் வித்தியாசமே இல்லை.

"பயனில்லைன்னு எழுதிடுப்பா" என்றார் சோதனையை நடத்திய டாக்டர்.

அவர் போனதும் கரீம் பாய் மெதுவாகச் சொன்னார்: "மீதி நாலும் இன்னா பாவம் பண்ணுச்சு சார்? சாறு எடுக்க வச்சிருந்த தழையில அதுங்களுக்கும் தினம் ஒரு பிடி போட்டுக்கினு இருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எட்டுமே கீழாநெல்லி தின்றிருந்தால் சோதனையே செல்லாது. ஆனால் அதைச் சொன்னால் என் கையெழுத்து பொய்யென்று தெரிந்துவிடும். "பயனில்லை" என்றே எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் கரீம் பாய் கேட்டார்: "அந்தத் தழை வேலை செய்யலையாமே சார்? ஊட்ல சம்சாரத்துக்கு மஞ்சக் காமாலை. அதத்தான் அரைச்சுக் குடுத்துக்கினு கீறேன். நிறுத்திடவா?"

"டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"நீங்கல்லாம் படிச்சவங்க" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த தழையைக் குப்பைக்கூடையில் போட்டார்.

அதே கூடத்தில் தலைமை உதவியாளனாகி ஓய்வுபெற்றேன். அவர் சம்சாரம் பிழைத்தாரா என்று ஒருநாளும் கேட்கவில்லை.