இடது காது கிழிந்த கலைமான்

எங்கள் வீட்டில் வாயாடி யாரென்றால் அது நான்தான். பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது தொடங்கும் கதை, இரவு பல் விளக்கும்போதும் நுரையோடு தொடரும். "உன்ரை வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேணும்" என்பார் அம்மா. அப்படிப்பட்ட நான், பத்து வயதில், ஒரு செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமைகளிலெல்லாம் காட்டுக்குள் ஒரு பரணில் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசிச் சனிக்கிழமை வாயைத் திறந்தேன். ஒரே ஒரு சொல். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று இன்றைக்கும் நினைத்து நினைத்து வெட்கப்படுகிறேன்.

அப்போது நாங்கள் ஜெர்மனியில் சவர்லாந்து மலைப்பக்கம் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் கதவுப் பிணைச்சல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மாறி மாறி ஷிப்ட் வேலை. மேல்மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்காரர். மனைவியை இழந்து தனியாக இருந்த ஜெர்மன்காரர், எழுபதைத் தாண்டியவர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரும் அந்தத் தமிழ்ச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் அம்மா வரும்வரை நான் அவருடைய குசினியில்தான் இருப்பேன். அவர் பேசியதெல்லாம் ஜெர்மன். எனக்கு இப்போது தமிழில்தான் ஞாபகம் வருகிறது, அப்படியே எழுதுகிறேன்.

மாமா வேட்டைக்காரர். ஊர்க்காட்டின் வேட்டை உரிமையை அவரும் வேறு இரண்டு பேரும் சேர்ந்து குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அப்பாவுக்குத் தெரிந்ததோ வன்னிக் காட்டு வேட்டை. கண்டால் சுடுவது, கறியைப் பங்கு போடுவது, அவ்வளவுதான். இங்கே எத்தனை பெண் மான், எத்தனை குட்டி, எத்தனை கிடாய் என்று வருடாவருடம் அரசாங்கக் கச்சேரியிலிருந்து கடிதம் வரும். நன்றாக முற்றிய கலைமானோ பல வருடத்துக்கு ஒன்றுதான். அதுவும் மூன்று பேருக்குள் முறை வைத்துச் சுற்றிவர வேண்டும். மாமாவின் முறை வர ஒன்பது வருடமானது.

"ஒரு மரையைச் சுட ஒன்பது வருசமோ?" என்று அப்பா சிரித்தார். "எங்கடை ஆக்கள் ஒன்பது நிமிசத்திலை சட்டிக்குள்ளை வைச்சிருப்பினம்."

ஆனால் மாமாவுக்கு எந்தக் கலைமானும் போதாது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, இடது காது கிழிந்த கலைமான். கலைமான் வருடாவருடம் மாசி பங்குனியில் கொம்பை உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்க்கும். அந்தக் காது கிழிந்தது உதிர்த்த கொம்புகளை மாமா ஆறு வருடமாகக் காட்டில் தேடிப் பொறுக்கி, வருடம் எழுதிப் படிக்கட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். ஒவ்வொரு சோடியும் முந்தியதைவிடத் தடிப்பு, ஒரு கிளை கூட. தூர நகரங்களிலிருந்தெல்லாம் ஆண்கள் வந்து, எங்கள் வீட்டுப் படியில் நின்று, நகைக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் பெண்களைப் போல மூச்சு விடுவார்கள். வாகனத்துக்கும் பனிக்கும் துப்பாக்கிக்கும் தப்பிப் பன்னிரண்டு வயதுவரை வந்த கலைமான்தான் அப்படி ஒரு கொம்போடு நிற்கும். அத்தனை காலம் தப்புவதே அருமை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஆறு ஏழு வயதுக் கலைமானுக்கும் கொம்பு பெரிதாகத்தான் இருக்கும். அதைத் தொடவே கூடாது. இன்னும் ஐந்து வருடம் விட்டால் அதுதான் அடுத்த பெரிய கலைமான். தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். அதனால்தான் மாமா காது காது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய கண்ணிலோ புரை வளர்ந்திருந்தது. கண் வைத்தியரிடம் சத்திரசிகிச்சைக்கு எடுத்த டெர்மினை, குறித்த நாளை, இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டார். கத்தி வைத்தால் சில வாரம் துப்பாக்கி தூக்க ஏலாது, அதற்குள் கலைமான்கள் இணை தேடிக் கத்தும் காலம் முடிந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. ஆகவே என்னைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று அப்பாவிடம் கேட்டார். எனக்கு நல்ல கண் என்று அவருக்குத் தெரியும். அவர் தொலைத்த ஊசி, திருகாணி எல்லாம் நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.

"விடியக் குளிருக்குள்ளை பிள்ளைக்கு என்ன வேட்டை?" என்றார் அம்மா.

"போகட்டும் விடும். வீடு ஒரு நாளாவது அமைதியாக் கிடக்கும்," என்றார் அப்பா.

மூன்று சனிக்கிழமை போனோம். மூடுபனிக்குள் எங்கோ கலைமான்கள் அடித்தொண்டையில் கத்தும். பெண் மான்கள் வரும், போகும். காது கிழிந்தது வரவேயில்லை. நான்காவது சனிக்கு முதல்நாள் மாலை மாமா மேலே எங்கள் வீட்டுக்கு வந்து, இன்னும் ஒரு கிழமையில் எல்லாம் அடங்கிவிடும் என்றார். "இந்த முறை விட்டால் இனி என் காலத்தில் இல்லை." அப்பா "தேத்தண்ணி குடியுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிக் கோப்பையை நகர்த்தினார்.

மறுநாள் விடிகிற நேரம் அது வந்தது. காட்டோரப் புல்வெளியில், பனிக்குள், முதலில் கொம்பு மட்டும் வந்தது. பிறகு கழுத்து, பிறகு உடம்பு. நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு மிருகத்தைக் கண்டதில்லை. மாமா தூரநோக்கியைக் கண்ணில் வைத்து நெடுநேரம் பார்த்தார். கைலேஞ்சியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மங்கல் கண்ணாடியில் இல்லை. பிறகு அதை என் கையில் தந்தார்.

"இடது காதைப் பார். கிழிந்திருக்கிறதா? அவசரமில்லை."

பார்த்தேன். கொம்பின் கிளைகளை எண்ணினேன், பதினான்கு. மூக்கிலிருந்து ஆவி போவதும் தெரிந்தது. இடது காது மட்டும் கொம்பின் அடிக்கிளைக்குப் பின்னால் மறைந்திருந்தது. தலையைத் திருப்பட்டும் என்று காத்திருந்திருக்கலாம். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னைக் கூட்டிப்போனதே தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லத்தான்.

நான் திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தேன். பரிசுப் பொதியை அவிழ்க்கப்போகும் பிள்ளையின் முகமாக இருந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்குக் கால் விறைத்திருந்தது, மூத்திரமும் முட்டிக்கொண்டிருந்தது. அன்பு பாதி, அவசரம் பாதி.

"ஓம்," என்றேன். அந்தச் சொல் அவருக்கு நன்றாகத் தெரியும், நாள் முழுக்க என்னிடம் கேட்டுப் பழகியவர்.

"நிச்சயமாகவா?"

"ஓம்."

அவர் சுட்டார்.

கீழே இறங்கி அதன் அருகே போனோம். மாமா தொப்பியைக் கழற்றினார். ஊசியிலை மரத்தில் ஒரு சின்னக் கொப்பை முறித்து அதன் வாயில் வைத்தார். அது கடைசி வாய் உணவாம், இங்கத்தைய வழக்கம். எங்கள் ஆட்கள் வாய்க்கரிசி போடுவதுபோல என்று பின்னாளில் நினைத்துக்கொண்டேன். அதன் திறந்த கண்ணைப் பார்க்கப் பயந்து நான் மரத்தடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் முழங்காலில் இருந்து அதன் இடது காதை விரலால் தடவிக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. ஆசையாகத் தடவுகிறார் என்று நினைத்தேன். நான் ஓம் என்று சொன்ன சொல்லை நானே நம்பத் தொடங்கியிருந்தேன். எழுந்தவர், "கை குளிர்ந்துபோயிருக்குமே" என்று தன் கையுறைகளைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார்.

அடுத்த சித்திரையில், வட்டாரத்து வேட்டைக்காரர்கள் எல்லாரும் அந்த வருடம் சுட்ட கொம்புகளைக் கொண்டுவந்து காட்டும் கூட்டம் ஒரு மண்டபத்தில் நடந்தது. கொண்டுபோயே ஆகவேண்டும், சட்டம். நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். வேண்டாம் என்று மாமா இரண்டு முறை சொன்னார். என்னிடம் யார் வெல்வது? கல்யாண வீட்டுக்குப் போடும் பாவாடை சட்டையோடு போய் இறங்கினேன்.

சுவர் முழுக்க மண்டையோட்டோடு கொம்புகள். ஒவ்வொன்றின் நெற்றி எலும்பிலும் ஒரு சின்ன வட்டம் ஒட்டியிருந்தது. எல்லாம் பச்சை. எங்களுடையதற்கு மட்டும், நெற்றிக்கு நடுவில், சிவப்பு.

எனக்கு வேறென்ன தோன்றும்? எங்கள் வீட்டில் புதுக் கார் வந்தாலும் அதற்குச் சிவப்புப் பொட்டுத்தான். "மாமா, எங்களுடையதற்கு மட்டும் பொட்டு வைத்திருக்கிறார்கள், எங்களுடையதுதான் முதலாவது!" என்று மண்டபம் கேட்க ஜெர்மனில் கத்தினேன். ஒருவர் சிரித்தார். மாமாவின் கூட்டாளிகள் இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

கொம்புகளைப் பதியும் மேசையில் இருந்த மனிதர், எங்களுடையதன் இலக்கத்தை வாசித்துவிட்டு, இதை அடையாளம் கண்டது யார் என்று கேட்டார்.

"நான்தான் பார்த்தேன்," என்றார் மாமா. "நான் மட்டும்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளிரில் விறைத்து, காதைப் பார்த்துச் சொன்னது நான். பரிசு கிடைத்ததும் பெரியவர் தன் பெயரை மட்டும் சொல்கிறாரே. காரில் வரும் வழியெல்லாம் நான் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. என் வாழ்நாளில் அதுவே பெரிய கோபம்.

பச்சை வட்டம் சரியாகச் சுட்டதற்கு, சிவப்பு பிழையாகச் சுட்டதற்கு. இதை எனக்குச் சொன்னது, நான் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்த அலுவலகத்தில் கூட வேலைசெய்த ஒருத்தி. அவளுடைய தகப்பன் வேட்டைக்காரர். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மாமா இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. நான் வேலைமேசையை விட்டு எழுந்து அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கலைமானுக்கு ஏழு வயதுதானாம். காது முழுசாக இருந்ததாம். அந்தப் பிழையால் மற்ற இருவரின் முறையும் தள்ளிப்போய், அவர்கள் மாமாவோடு கதைப்பதை விட்டுவிட்டார்களாம். காது கிழிந்ததோ அந்தக் குளிர்காலம் முழுக்க உயிரோடு திரிந்ததாம். "உனக்குச் சொல்லவேண்டாம் எண்டு அந்த மனுசன் பிறகு ஒருநாள் என்னட்டைக் கேட்டவர்," என்றார் அப்பா.

பத்து வயதில் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து, எங்களுடையதற்குப் பொட்டு வைத்தார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். கோபமென்றாலும் பெருமை பெருமைதானே. அம்மாவுக்கும் ஒன்றும் தெரியாது. மனிதர் ஒன்பது வருடம் காத்திருந்து பரிசு எடுத்திருக்கிறார், சும்மா இருக்கக் கூடாது என்று மறுநாள் கஜு போட்டு, நெய் விட்டு, ரவைக் கேசரி கிண்டினார். துண்டு போட்டுத் தட்டத்தில் அடுக்கி, என்னையும் கூட்டிக்கொண்டு கீழே போனார். வாழ்த்துக்கள் என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார். மாமா தட்டத்தை வாங்கினார். பிறகு கதவை அகலத் திறந்து, எங்களை உள்ளே கூப்பிட்டு, மேசையில் மூன்று தட்டு வைத்தார். துப்பாக்கி அனுமதிப் பத்திரத்தை அடுத்த நாள் கச்சேரியில் திருப்பிக் கொடுப்பதாக அவர் தீர்மானித்திருந்ததும் எங்களுக்குத் தெரியாது.

ஒரு துண்டு முழுக்கச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, இன்னும் கோபமா என்று கேட்டார்.

"ஓம். என் பேரைச் சொல்லவில்லைத்தானே," என்றேன்.

"அடுத்த முறை சொல்கிறேன்."

"கட்டாயம்?"

"கட்டாயம்."

சரி போகட்டும், மன்னித்துவிடுவோம் என்று நினைத்து, அவருடைய தட்டில் இன்னொரு துண்டு கேசரியை எடுத்து வைத்தேன்.